நாற்காலியின் வருகைப் பதிவு

அந்த நாற்காலிக்கு முதன்முதலில் வருகைப் பதிவு போட்டது அவள்தான். யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் பேரவையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அவள்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவோம்.

சுற்றுச்சூழல் பேரவையில் சேரும்வரை அவள் தண்ணீர் பாட்டில் சுமந்துகொண்டிருந்தவள். சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் முழங்கால் அளவு இறங்கி, கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பது வேலை. ஓடைக்கரைக் குடியிருப்பில் அவளுக்கு 'பாட்டில்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுவாள்.

பேரவை அப்போது ஒரு சங்கடத்தில் இருந்தது. மரங்களுக்காகவும் பறவைகளுக்காகவும் நாற்பது வருடம் பாடுபட்ட அமைப்பு. அதன் கூட்ட மேசையைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரிப் பள்ளிகளில் படித்து, ஒரே மாதிரித் தெருக்களில் வீடு கட்டிக்கொண்டவர்கள். ஒருவருக்கும் இருமல் கிடையாது. புகையும் கழிவும் யார் வீட்டு வாசலில் விழுகிறதோ அவர்களில் ஒருவர்கூட உங்கள் மேசையில் இல்லையே என்று வெளியிலிருந்து வந்த ஆய்வுக்குழு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டது. பேரவை மூன்று கூட்டம் வருத்தப்பட்டது. நான்காவது கூட்டத்தில் 'அனைவரையும் உள்ளடக்கும் பிரிவு' பிறந்தது. அந்தப் பிரிவில் மொத்தம் ஒரே ஆள். அவள்.

"அனைவரையும் உள்ளடக்குறதா? பாத்துடி பாட்டில், அனைவரும் முடிஞ்சதும் உன்னையும் சேத்து அடக்கிடப் போறாங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரித்து முடிக்க நேரமாகும். சிரிப்பு இருமலாகும், இருமல் நெஞ்சுக்குள் மெல்லிய விசிலாகும், இன்ஹேலரை இரண்டு தடவை அழுத்தியபிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கும்.

முதல் கூட்டத்தன்று மேசையின் தென்கோடியில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. தன்னுடையது என்று நினைத்து அதை இழுத்தாள்.

"ஐயோ, அது இல்ல" என்று செயலாளர் ஓடிவந்தார். "அது வராதவங்களுக்கு. பாதிக்கப்பட்டோர் தரப்பு. ஓடைக்கரை மாதிரி இடங்கள்ல இருந்து வரவேண்டியவங்க, ஆனா வராதவங்க. அவங்களுக்கு மரியாதையா எப்பவும் காலியா வச்சிருப்போம்."

"சார், நானே ஓடைக்கரைதான்."

"அதனாலதான் இந்தப் பொறுப்பு உங்ககிட்ட. அந்த நாற்காலிய நீங்க நல்லா பாத்துக்கணும்." அவளுக்குச் சுவர் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவேடு அவளிடம் வந்தது. பதினெட்டுக் கையெழுத்துகளுக்குக் கீழே பத்தொன்பதாவது வரிசை: பாதிக்கப்பட்டோர் தரப்பு. காலி.

"எதாவது போட்டுடுங்க. காலியா விட்டா ஆய்வுக்குழு கேள்வி கேக்கும்" என்றார் செயலாளர்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். வரவில்லை என்று எழுதினால் தன்னுடைய வேலையே பொய்யாகிவிடும் என்று தோன்றியது. தவிர, ஓடைக்கரையில் பிறந்த ஒருத்தி அந்த அறையில் இருக்கத்தானே செய்தாள்? 'வந்தார்' என்று எழுதினாள். அது அவளுக்கு அப்போது பொய்யாகப் படவில்லை. பக்கத்தில் 'கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது.

"எதிர்ப்பு இல்லைன்னு போடுங்க" என்றார் செயலாளர். "நாற்காலி எதிர்க்கலையே. உண்மையத்தானே எழுதுறோம்."

இப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு வருடத்தில் நாற்காலியின் வருகை நூறு சதவீதம் ஆனது. பதினெட்டு உறுப்பினர்களில் யாருக்கும் அது வாய்க்கவில்லை. ஆண்டறிக்கையில் அதற்குத் தனிப் பக்கம் கொடுத்தார்கள். பிறகு அதன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்கள். பிறகு பெயர்ப்பலகை. பலகையில் 'பாதிக்கப்பட்டோர்' என்றிருந்தது மனதைப் புண்படுத்துவதாக இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். யாருடைய மனதை என்று கேட்டதற்கு, தன்னுடையதை என்றார். மூன்று கூட்டம் விவாதித்து 'பாதிப்பின் பங்காளர்கள்' என்று மாற்றினார்கள். அந்த மூன்று கூட்டத்திலும் ஓடையைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போனது.

மலைமேல் இருந்த ஒரு விடுதியில் மாநாடு நடந்தபோது நாற்காலியையும் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனார்கள் என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது. காரின் முன்சீட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியை வைத்து பெல்ட் போட்டார்கள். அவளுக்குக் காரில் இடமில்லாததால் பஸ்ஸில் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலியின் அமர்வு முடிந்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாநாட்டில் தலைவர் பேசிய பேச்சு இன்றும் பேரவையின் கையேட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. தலைவர் நல்ல மனிதர். வெள்ளைத் தாடி, தாழ்ந்த குரல், அடிக்கடி கண் கலங்கும்.

"ஒரு காலத்துல இந்த மேசையச் சுத்தி எங்க ஆளுங்க மட்டும்தான் இருந்தோம்" என்றார். "எனக்கு ரொம்ப வெட்கமா இருந்துச்சு. இன்னைக்குப் பாருங்க. அதே ஆளுங்கதான் இருக்கோம். ஆனா வெட்கம் இல்ல. சில பேர் கேக்குறாங்க, அந்த மக்களையே நேர்ல கூப்பிடலாமேன்னு. கூப்பிட்டா என்னாகும்? ஓடைக்கரைக்காரர் ஓடைக்கரையப் பத்தி மட்டும்தான் பேசுவார். அது ஒரு குறுகின பார்வை. நாற்காலி அப்படியில்ல. எல்லாருக்கும் பொதுவா உக்காந்திருக்கு."

அவளும் கைதட்டினாள். அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஸ்டூல் போய், சுழலும் நாற்காலி வந்தது. ஓடைக்கரையை விட்டு வந்து, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரமும் காற்றும் இருக்கும் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறினாள்.

நாற்காலி சூடாக இருப்பதை முதலில் கவனித்தது அலுவலகம் கூட்டும் அம்மா.

"மேடம், அந்தக் காலி நாற்காலில யாராச்சும் உக்கார்றாங்களா?"

"இல்லையே, ஏன்?"

"கூட்டம் முடிஞ்சு துடைக்கும்போது சூடா இருக்கு. யாரோ இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி."

"வெயில் பட்டிருக்கும்."

"அந்தப் பக்கம் ஏது மேடம் ஜன்னல்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்த ஒரு நாற்காலியை மட்டும் துடைப்பதில்லை.

அதற்குப்பிறகு அவளும் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கூட்டங்கள் நீளமானவை. அவற்றின் நடுவே வரும் மௌனங்கள் அதைவிட நீளமானவை. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. டம்ளரில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். சில நாள், யாரோ பக்கம் புரட்டும் சத்தம் அடங்கி அடுத்தவர் தொண்டையைச் செருமுவதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், மேசையின் தென்கோடியிலிருந்து மெல்லிய விசில் போல ஒரு மூச்சு கேட்கும். அவளுக்கு அது தெரிந்த மூச்சு. ஓடைக்கரையில் பாதி வீடுகள் தூங்கும்போது அப்படித்தான் மூச்சுவிடும்.

அவள் குனிந்து பதிவேட்டில் எழுதுவாள்: வந்தார். எதிர்ப்பு இல்லை.

வீட்டில் ஒருநாள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே இருந்த காலி நாற்காலிக்கு முன்னால் தானே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பதைப் பார்த்தாள். எடுத்துக் கொட்ட மனம் வரவில்லை. குடிக்கவும் பயமாக இருந்தது.

அவளுடைய பெயர் வெளியூர்களிலும் பரவியதற்குக் காரணம் கேட்டல் பயிற்சி. அது முழுக்க அவள் உருவாக்கியது. உறுப்பினர்கள் யாருடைய கஷ்டத்தைக் கேட்டாலும் இடையில் புகுந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதைத் திருத்தத்தான் நல்ல எண்ணத்தோடு விதிகள் எழுதினாள். அடுத்தவர் வலியைச் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். சமாதானம் சொல்லாதீர்கள். பதில் தேடாதீர்கள். கண்ணை மூடி முழுதாகக் கேளுங்கள். நடத்துகிறவர் 'கண்ணைத் திறக்கலாம்' என்று சொல்லும்வரை அப்படியே இருங்கள். ஏழு வருடத்தில் இருபத்திரண்டு அமைப்புகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். பேரவை உறுப்பினர்கள் அதில் மிகவும் தேர்ந்துவிட்டார்கள். தலைவர் கண்ணை மூடினால், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்.

இப்படிப் பதினோரு வருடம் போனது. பன்னிரண்டாவது வருடத்தின் தொடக்கத்தில் செயலாளர் ஒரு படிவத்தை அவள் மேசையில் வைத்தார்.

ஓடைக்கரையில் குப்பை எரிக்கும் ஆலை ஒன்று வரவிருக்கிறது. நகரத்துக் குப்பை முழுவதும் அங்கே எரியும். அரசு அனுமதி வேண்டுமென்றால் அங்கே வாழும் மக்களின் இசைவு வேண்டும். இசைவை அங்கீகாரம் பெற்ற ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு சான்றளிக்க வேண்டும். பேரவையைவிட அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஏது?

"வியாழக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம். அஞ்சு மணிக்குள்ள சான்று அரசு அலுவலகத்துல இருக்கணும். தவறினா இந்த விண்ணப்பமே காலாவதி. அப்புறம் அவங்க வேற ஊரைப் பாத்துக்குவாங்களாம்" என்றார். "கடைசில உங்க கையெழுத்து. மக்கள் தரப்பு வந்திருந்தாங்க, எதிர்க்கலைன்னு."

"சார், மக்கள்கிட்ட யாராவது கேட்டோமா?"

"பதினோரு வருஷமா ஒரு கூட்டம் விடாம வந்திருக்காங்க. ஒரு தடவையாவது எதிர்த்திருக்காங்களா? உங்க கையெழுத்துதான் இருக்கு, புரட்டிப் பாருங்க."

அன்று மாலை அவள் ஓடைக்கரைக்குப் போனாள். போய் எட்டு மாதமாகியிருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளில் பொடிப்பொடியாகச் சாம்பல். அக்கா கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

"வாங்க மேடம்" என்றாள் அக்கா. "வழி ஞாபகம் இருந்துச்சா?"

அவள் ஆலையைப் பற்றிச் சொன்னாள். நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு கூட்டம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அக்கா தலையணையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "டாக்டர் போன மாசமே சொல்லிட்டார். இப்ப இருக்குற புகைக்கே நுரையீரல் பாதிதான் மிச்சம். இன்னும் ஒரு புகைபோக்கி வந்தா இடத்த மாத்துங்க, இல்லைன்னா ஆறு மாசம்தான்னு. உங்க அத்தான் வேலை இங்க. வீடு இங்க. எங்க போறது?"

"நீ வந்து பேசுறியா?"

"யார்கிட்ட?"

"எங்க கூட்டத்துல."

"கேப்பாங்களா?"

"நல்லா கேப்பாங்க" என்றாள் அவள். அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை அக்கா தன்னிடமிருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு மாடி ஏற இருபது நிமிடம் ஆனது. கூட்ட அறை வாசலில் செயலாளர் தடுத்தார்.

"இவங்க யாரு?"

"பாதிக்கப்பட்ட தரப்பு, சார். ஓடைக்கரை."

செயலாளர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அந்த வரிசையில் 'வந்தார்' என்று காலையிலேயே அச்சடித்திருந்தது. "அந்தத் தரப்பு ஏற்கெனவே உள்ள வந்தாச்சே" என்றார் உண்மையான குழப்பத்தோடு. "ஒரே தரப்பு ரெண்டு தடவை வரமுடியாதுங்க."

"அப்ப அந்த நாற்காலியில உக்காரட்டும்."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண் கலங்கத் தலையசைத்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்தார். அக்கா உட்கார்ந்த விதம் விசித்திரமாக இருந்தது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒட்டிக்கொள்வதுபோல, விளிம்பில், ஒருக்களித்து.

அவள் குனிந்து காதோடு கேட்டாள். "ஏன் ஓரமா உக்காந்திருக்க? நல்லா சாய்ஞ்சு உக்காரு."

"எப்படிச் சாயுறது?" என்றாள் அக்கா சாதாரணமாக. "இதுல ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்களே."

அவள் மெத்தையின் நடுவில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். ஆனால் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. வழக்கம்போல அவள் எழுந்து நின்று, "இப்போ பாதிப்பின் பங்காளர்கள் தரப்பைக் கேட்போம். கண்ணை மூடிக்கலாம்" என்றாள். பதினெட்டு ஜோடிக் கண்களும் மூடின.

அக்கா பேசினாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும்போது முகத்தின்மேல் ஈரத்துணி போட்டு மூடிக்கொள்வதைச் சொன்னாள். மழைக்காலம் மட்டும்தான் நன்றாக மூச்சுவிடுகிற காலம், ஆனால் அப்போது ஓடை வீட்டுக்குள் வந்துவிடும் என்று சொன்னாள். "எங்க வரிசையில தையல்காரர் போனாரு. அடுத்த வருஷம் அவர் சம்சாரம். இஸ்திரி போடுறவரோட ரெண்டு பிள்ளைங்க. அப்புறம் எங்க அம்மா" என்று சொல்லித் தங்கையைப் பார்த்தாள். "எங்களுக்கு இந்த ஆலை வேண்டாங்க. நான் சாக விரும்பல. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல." பேச்சு விசிலில் முடிந்தது. இன்ஹேலரை அழுத்தும் சத்தம் அறை முழுவதும் கேட்டது.

"கண்ணைத் திறக்கலாம்" என்றாள் அவள்.

தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு மௌனம் ரொம்ப ஆழமா இருந்துச்சு" என்றார். "எனக்கு யாரோ மூச்சு வாங்குற மாதிரிகூட இருந்துச்சு."

"எனக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அப்போ எதிர்ப்பு இல்ல" என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்களுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை, அந்த நாற்காலிக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று ஒரு கணம் நம்பினாள். அப்படி நம்புவது சுலபமாகவும் இருந்தது. ஆனால் ஒரு பெண் உறுப்பினரின் நோட்டில் 'தையல்காரர்' என்று எழுதி, அதன்மேல் கோடு கிழித்திருந்தது. இன்னொருவருக்குக் காது மடல்கள் சிவந்திருந்தன. எல்லோருக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. பதினோரு வருடமாக அந்த மூச்சும் கேட்டிருக்கிறது. குறுக்கே பேசவில்லை. சமாதானம் சொல்லவில்லை. பதில் தேடவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் ஒரு பிழையில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

படிவம் அவள் முன்னால் வந்தது. மணி நான்கு பத்து.

"ஐயா, அவங்க பேசினாங்க" என்றாள். "வேண்டாம்னு சொன்னாங்க. உங்களுக்குக் கேட்டுச்சு. அது என் அக்கா. போனது எங்க அம்மா. நான்தான் இத்தனை வருஷமா வந்தார் வந்தார்னு எழுதினேன். பொய்யா எழுதினேன்."

தலைவரின் முகம் கனிந்தது. "உங்க வலிய நாங்க கேக்குறோம்மா" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பதினேழு பேரும் மூடிக்கொண்டார்கள். செயலாளரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூடிக்கொண்டார்.

அறை அமைதியானது. முகங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பி, சாந்தமாக, பொறுமையாக, அவள் முடிப்பதற்காகக் காத்திருந்தன. அவளுக்குச் சொல்ல இனி எதுவும் இல்லை. பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. 'கண்ணைத்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள். விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். தென்கோடியில் காலியாக இருந்த நாற்காலி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படி இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்துசேர அரைமணி நேரத்துக்குமேல் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா இப்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் மூடிட்டா இருப்பாங்க?"

"இருப்பாங்க."

"யாராவது அரைக்கண்ணால பாத்திருப்பாங்கடி."

"பாத்திருந்தாலும் திரும்ப மூடிக்குவாங்க. முதல்ல திறந்தவங்கதானே ஏதாவது பேசணும்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதிர்க்கடைக் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. அவளுடைய போன் ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை.

"இந்த வருஷம் வராதுல்ல?" என்றாள் அக்கா.

"இந்த விண்ணப்பம் போச்சு. இந்த ஆலை இனி வராது. வேற யாராவது வருவாங்க."

"வரட்டும். அந்த நாற்காலில இருக்குறவங்க யாரு?"

அவள் பைக்குள் இருந்த படிவத்தை இன்னும் சின்னதாக மடித்தாள்.

"உனக்குத் தெரியும். உக்காந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உனக்கும் தெரியும்னு. பதினோரு வருஷம் அவங்க பக்கத்துல இருந்திருக்க. வீட்டுக்கு வந்தப்பகூட ஒரு வார்த்தை சொல்லல. ஏன்டி?"

அவள் தலையைக் குனிந்தாள். தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா குறுக்கே பேசாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கண்ணைத் திறந்து சொல்லு."

திறந்தாள். அக்கா இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் அந்த விசில் ஏறி ஏறி இறங்கியது. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஏறுகிறீர்களா என்பதுபோல டிரைவர் எட்டிப் பார்த்தார். இருவரும் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிப் போனபின், தையல்காரரில் தொடங்கி, யார் யாரென்று அவள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தாள்.